பொன்னாடைக்குள் ஒரு கவுன்சிலர்

என் கார்ட்டூனைப் பார்த்து எங்கள் நகரசபைக் கவுன்சிலர் உச்சி குளிர்ந்துபோனார் என்று தொலைபேசியில் சொன்னார்கள். அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அவர் திட்டியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். வக்கீல் கடிதம் அனுப்பியிருந்தால் அதைப் பிரேம் போட்டு மாட்டியிருப்பேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் குந்தியிருந்து, ஒரு மனிதரின் தோலை உரிப்பதற்கென்றே கீறிய படத்தை அந்த மனிதரே நெஞ்சோடு அணைத்துக்கொண்டால், கீறியவன் எங்கே போய் முட்டிக்கொள்வது?

எனக்குப் படம் கீறுவது தொழில் அல்ல. மார்க்கம் நகருக்குப் பக்கத்தில் ஒரு சைன் கடையில் வேலை செய்கிறேன். வீடு விற்கும் ஏஜென்டுகளின் முப்பத்திரண்டு பல்லும் தெரியும் பலகைகளும், தேர்தல் வந்தால் புல்லில் குத்தும் பலகைகளும் எங்கள் மெஷினால்தான் வெளியே வருகின்றன. கவுன்சிலரின் முகத்தை எத்தனை தடவை அச்சடித்திருப்பேனோ தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு அந்த மூக்கை என்னால் கீற முடியும். சனி ஞாயிறுகளில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்குக் கார்ட்டூன் கீறுகிறேன். தமிழ்க் கடை வாசல்களில் இலவசமாக அடுக்கி வைத்திருக்கும் பத்திரிகைகளில் அதுவும் ஒன்று. மரண அறிவித்தல்களுக்கும் மோர்ட்கேஜ் வீட்டுக்கடன் விளம்பரங்களுக்கும் நடுவே மூன்றாம் பக்க மூலை என்னுடையது.

எனக்குக் கீறக் கற்றுத் தந்தது ஒரு புத்தகம். ஸ்காபரோவில் ஒரு நூலகம் வேண்டாம் என்று கழித்த புத்தகங்களை வாசலில் ஒரு மேசையில் பரப்பியிருந்தார்கள். அதில் கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வந்த நகைச்சுவை வார இதழ்களின் அரசியல் கார்ட்டூன்களை ஒன்றாகத் தொகுத்த, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பாரமான புத்தகம். கல்லில் கீறி நிறம் நிறமாக அச்செடுத்த படங்கள். ஓர் அரசியல்வாதி குழந்தைச் சட்டை போட்டுக்கொண்டு வீரிட்டு அழுகிறார். இன்னொருவர் ஒரு நகரத்தையே கேக் மாதிரி வெட்டித் தின்கிறார். எதையும் அவர்கள் சும்மா விடவில்லை. தொப்பியில் ஒரு சொல், வயிற்றில் ஒரு சொல், கோட்டு வாலில் ஒரு சொல் என்று எழுதித் தள்ளியிருந்தார்கள். லஞ்சம் என்றால் மூட்டையிலேயே லஞ்சம் என்று எழுதியிருக்கும். முதலில் அது எனக்குச் சின்னப்பிள்ளைத்தனமாகப் பட்டது. பார்க்கப் பார்க்கத்தான் பிடித்துப்போனது. உண்மையில் கோபம் வந்தவன், உனக்கு விளங்கினால் விளங்கட்டும் என்று நாசூக்காக நிற்கமாட்டான். நெற்றியில் எழுதி ஒட்டிவிட்டுத்தான் போவான்.

படங்களுக்குக் கீழிருந்த குறிப்புகளை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அகராதியோடு வாசித்தேன். அந்தக் காலத்து அரசியல்வாதிகள் கட்டுரைகளை அவ்வளவாகக் கணக்கெடுக்கவில்லையாம். அவர்களுக்கு வாக்குப் போட்டவர்களில் பலருக்கு வாசிக்கத் தெரியாது. படம்தான் பயம். எழுத்துத் தெரியாதவனுக்கும் படம் விளங்கிவிடும். நான் அந்தக் கார்ட்டூன்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். ஒரு கிழமைப் படத்துக்கு ஒரு பெரிய மனிதர் நித்திரை இல்லாமல் புரண்டிருக்கிறார் என்றால், அது என்ன கொடுப்பினை.

புத்தகத்தில் நான் பார்க்காமல் தள்ளிவிடும் பக்கங்களும் இருந்தன. கப்பலால் வந்து இறங்கியவர்களை அதே கைகள் குரங்காகவும் எலியாகவும் கீறியிருந்தன. ஐரிஷ்காரன், சீனன், கறுப்பினத்தவன், ஒருவரையும் விடவில்லை. நானும் ஒரு காலத்தில் ஒரு சூட்கேஸோடு வந்து இறங்கியவன்தான். அந்தப் பக்கங்கள் வரும்போது புத்தகத்தைத் தூக்கி எறியத் தோன்றும். ஆனால் எறியவில்லை. எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கதையெல்லாம் அவளால் வந்தது. அக்கா வோபர்ன் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் தனியாக இருக்கிறாள். அத்தான் காலமாகிவிட்டார், மகன் தூரத்தில், கல்கரியில். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். காலை ஏழரைக்குக் கதிரையில் இருக்க வேண்டும். முடிந்து எழும்பும்போது காலில் பலம் இருக்காது. அவளுடைய கட்டடத்தின் வாசலில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட ஒரு சின்ன பஸ் ஓடியது. அதன் டிரைவருக்கு அக்காவைத் தெரியும். அவள் படியில் கால் வைக்கிறவரைக்கும் பொறுத்துத்தான் கதவை மூடுவார். அந்த பஸ்ஸை நிறுத்தப்போகிறார்கள் என்று கதை வந்தது. அது இல்லையென்றால் பெரிய தெரு வரைக்கும் நடந்து, இரண்டு பஸ் மாற வேண்டும். பனியில், அந்தக் காலோடு. நோயாளிகளை ஏற்றும் வான் வண்டிக்கும் விண்ணப்பித்துப் பார்த்தோம். நடக்கக்கூடியவர் என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கோ ஏழு மணிக்கு வேலை தொடங்கிவிடும்.

போன வருடம் பொங்கல் விழாவுக்கு அக்காவை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் ஆட்கள் விழா வைத்தால் ஒழுங்கு மாறாது. மங்கல விளக்கு, வரவேற்பு நடனம், அதற்குப் பிறகு பொன்னாடை. அரசியல்வாதிகளுக்குப் பொன்னாடை போர்த்தி முடியாமல் பிள்ளைகளுக்குப் பொங்கல்கூடக் கிடைக்காது. கவுன்சிலர் தமிழர் அல்ல; வெல்குரோ வைத்து ஒட்டும் வேட்டியோடு வந்திருந்தார். மூன்று சங்கங்கள் மூன்று பொன்னாடை போர்த்தின. விழா முடிந்ததும் அவரோடு படம் எடுக்க நின்ற வரிசையில் அக்காவும் போய் நின்றாள். தன்னுடைய இங்கிலீஷில் பஸ்ஸைப் பற்றிக் கேட்டாள். அவர் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தான் இருக்கும்வரை அந்த பஸ் ஓடும் என்று சொன்னார். அக்கா நம்பினாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், நல்ல மனுசன் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அந்த வருடம் முழுவதும் அவர் அதையே சொன்னார். பழைய மாணவர் சங்க இராப்போசனத்தில் சொன்னார். நடன அரங்கேற்றத்தில் சொன்னார். கோயில் தேர்த்திருவிழாவில் சொன்னார். சொல்லச் சொல்ல ஒரு பொன்னாடை. பிறகு மார்கழியில் நகரசபையின் ஒரு குழுக் கூட்டத்தில் விஷயம் வாக்குக்கு வந்தது. நான் கடையில் சாப்பாட்டு நேரம் கம்ப்யூட்டரில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸை நிறுத்துவதற்கு ஆதரவாக எழும்பிய கைகளில் முதலாவது அவருடையது. சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டேன். முழுச் சபையின் கடைசி வாக்கு தை முடிவில் வரும் என்று சொன்னார்கள். அதற்கிடையில் இந்த மனிதரை நாலு பேர் முன் நாறடித்தால், வெட்கத்துக்காவது கையைக் கீழே போடுவார் என்று நினைத்தேன். அந்த அமெரிக்கப் புத்தகம் என் தலைக்கு ஏறியிருந்தது.

கீறினேன். பஸ் தரிப்பில் கவுன்சிலர் நிற்கிறார். அவர்மேல் பொன்னாடைக்கு மேல் பொன்னாடையாகக் குவிந்து கிடக்கிறது. மூக்கும் சிரிப்பும் மட்டும் வெளியே தெரிகின்றன. பழைய முறைப்படி ஒவ்வொரு பொன்னாடையிலும் எழுதினேன். பொங்கலில் சொன்ன பொய், அரங்கேற்றத்தில் சொன்ன பொய், தேரில் சொன்ன பொய் என்று வரிசையாக. அவருடைய கக்கத்துக்குள் பஸ் தரிப்புக் கம்பம், வேரோடு பிடுங்கின மாதிரி. காலடியில் கோட்டும் பையுமாக ஒரு பெண், முஷ்டியை உயர்த்திக் கத்துகிறாள். அவளுடைய பையில் டயாலிசிஸ் நோயாளி என்று எழுதினேன். அக்காவின் கோட்டுத்தான் அது, அக்காவின் பைதான்.

பத்திரிகை ஆசிரியர்தான் அதன் முதலாளி, விளம்பரம் பிடிப்பவர், கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடுபவர், எல்லாம். படத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். கவுன்சிலரின் பொங்கல் வாழ்த்து விளம்பரம் முழுப் பக்கத்தில் வரவேண்டிய கிழமை என்று நினைவூட்டினார். நான், அப்படியானால் இனி வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். அவர் முனகிக்கொண்டே போட்டார். அதற்காக அவருக்கு நான் மனதுக்குள் நன்றிகூடச் சொன்னேன்.

பத்திரிகை கடைகளுக்குப் போய் நான்காம் நாள் தொலைபேசி வந்தது. கவுன்சிலரின் உதவியாளர், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. குரலில் தேன் வழிந்தது.

“அங்கிள், அவருக்குச் சரியான ஹாப்பி. எங்கடை கொம்யூனிட்டி தன்னை இவ்வளவு ஹானர் பண்ணுது எண்டு. சோ கியூட், அங்கிள்.”

ஒரு நிமிடம் எனக்கு விளங்கவில்லை. படத்தில் எழுதியிருப்பதை வாசித்தாயா பிள்ளை என்று கேட்டேன். தனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆனால் பொன்னாடைகளில் விழாக்களின் பெயர் எழுதியிருப்பதாகத் தெரியும் என்றாள். பத்திரிகைக்குப் போன் எடுத்துக் கேட்டபோது ஆசிரியர் அங்கிள் அப்படித்தான் சொன்னாராம். அந்தக் கை உயர்த்திய பெண்ணோ என்று கேட்டேன். அவள் கவுன்சிலருக்குக் கை காட்டுகிறாளாம்.

எழுத்துத் தெரியாதவனுக்கும் படம் விளங்கும் என்று நான் படித்தது இதைத்தானா? அவர்களுக்குப் படம் விளங்கத்தான் செய்தது. பொன்னாடை என்றால் மரியாதை. அதை அவர்களுக்குப் பழக்கியது யார்? நாங்கள். வருடம் முழுக்கத் தோளில் போட்டுப் போட்டுப் பழக்கிவிட்டோம். அந்தத் துணியையே எடுத்து ஒருவரை அவமானப்படுத்தலாம் என்று நினைத்த என் மூளையை என்ன சொல்வது? என்மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆசிரியரைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் அசையவில்லை.

“ஐசே, அவை சந்தோசப்பட்டினம். விளம்பரமும் வந்திட்டுது. ஏன் போய்க் கெடுப்பான்? நீர் பேசாமல் இரும்.”

அடுத்த நாள் அந்த உதவியாளர் பிள்ளை மீண்டும் போன் எடுத்தாள். பொங்கல் விழா மேடையில் படத்தைப் பெரிதாக்கி வைக்க விரும்புகிறார்களாம், என் கடையிலேயே அச்சடிக்கலாமா என்று கேட்டாள். மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. படம் கதவளவுக்கு வந்தால் எழுத்தும் உள்ளங்கையளவுக்கு வரும். பத்திரிகையில் கண்ணாடி போட்டுத் தேட வேண்டிய பொய் என்ற சொல்லைக் கடைசி வரிசையில் இருப்பவரும் வாசிப்பார். கவுன்சிலருக்குத் தமிழ் தெரியாவிட்டால் என்ன, மண்டபம் நிறைய இருப்பவர்களுக்குத் தெரியுமே. ஒருவராவது எழும்பிக் கேட்பார். ஒருவரும் கேட்காவிட்டால் நானே மைக்கைப் பிடித்து வாசித்துவிடுவேன். ஓம் என்று சொல்லிவிட்டேன். நானே மெஷினில் போட்டு, நானே பலகையில் ஒட்டினேன். எழுத்துகளுக்குக் கொஞ்சம் கறுப்பைக் கூட்டியும் விட்டேன்.

விழாவன்று மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. விளக்கு ஏற்றினார்கள், பிள்ளைகள் ஆடினார்கள், கவுன்சிலருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். படத்தை ஒரு பட்டுத் துணியால் மூடி மேடை நடுவில் வைத்திருந்தார்கள். கவுன்சிலர் வந்து துணியை இழுத்தார். நான் படத்தைப் பார்க்கவில்லை. சனத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பக்கச் சுவரோரம் நின்றேன்.

வாசித்தார்கள். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. பொங்கலில் சொன்ன பொய். அரங்கேற்றத்தில் சொன்ன பொய். கணவரின் முழங்கையை மெல்ல இடித்தார். ஒரு வரிசை மற்ற வரிசையிடம் குனிந்து ஏதோ சொன்னது. மண்டபம் முழுவதும் ஒரு சின்னச் சிரிப்பு ஓடியது. இப்போது யாராவது எழும்புவார்கள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கவுன்சிலரும் சிரித்தார், கையைக் கூப்பினார். உடனே எல்லோரும் கை தட்டினார்கள். ஆசிரியையும் தட்டினார், கணவரும் தட்டினார். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் தட்டிக்கொண்டே என் காதுக்குள், “நல்லாக் குடுத்திருக்கிறீர்” என்றார். அவருடைய முகம் மேடையைப் பார்த்து மரியாதையாகப் புன்னகைத்துக்கொண்டிருந்தது.

விளங்காமல் தட்டியிருந்தால் மன்னித்திருப்பேன். எல்லோருக்கும் விளங்கியது. அந்த வரிசைகளில் எத்தனை பேருக்கு அந்த பஸ் வேண்டும், எத்தனை பேரின் தாய் தகப்பன் அதில் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். வெளியே கார் நிறுத்துமிடத்தில் அவரைக் கிழி கிழி என்று கிழிப்பார்கள். உள்ளே வந்தால் கை தட்டுவார்கள். வந்த மனிதரை மேடையில் வைத்துச் சங்கடப்படுத்தக் கூடாதாம். எங்களை நட்டாற்றில் விட்டவருக்கு விருந்தாளி மரியாதை. கோழைகள் என்று பல்லைக் கடித்தேன்.

அப்போது என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் ஓவியர் மேடைக்கு வரவும் என்று ஒலிபெருக்கி சொன்னது. சரி, இதுதான் நேரம் என்று ஏறினேன். மைக் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. சொல்ல வேண்டியதை இங்கிலீஷில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மூன்று வசனம்தான். ஆனால் மைக்குக்கு முன்னால் கவுன்சிலர் வந்துவிட்டார். அவருடைய இரண்டு கையிலும் விரித்த பொன்னாடை. பச்சையில் சரிகைக் கரை. அவர் கையை உயர்த்தினார்.

நான் குனிந்தேன்.

இதை எத்தனை தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். யாரும் என் கழுத்தைப் பிடித்து அமுக்கவில்லை. பொன்னாடையை ஒருவர் நீட்டினால் எங்கள் ஆட்களின் கழுத்து தானாகவே இறங்கும். அது மூளையைக் கேட்பதில்லை. தோளில் துணி விழுந்தது, கையும் தானாகக் கூப்பிக்கொண்டது. கமராக்கள் மின்னின. அவர் என் தோளில் கை போட்டார். நான் மைக்கில் நன்றி என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னேன். மூன்று வசனமும் எங்கே போயின என்று தெரியாது. கீழே இறங்கி வந்தபோது பத்திரிகை ஆசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கோழைகள் என்று சற்று முன் நான் பல்லைக் கடித்த சனம் எனக்கும் கை தட்டியது.

தை முடிவில் சபை வாக்கெடுத்தது. கவுன்சிலரின் கை மீண்டும் எழும்பியது. அவருக்கு வெட்கப்பட ஒன்றும் இருக்கவில்லை. அவருடைய அலுவலகச் சுவரில் எங்கள் சமூகம் அவரை எவ்வளவு மெச்சுகிறது என்பதற்குக் கதவளவு சாட்சி தொங்குகிறது. பஸ் அந்தக் கிழமையோடு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். பஸ்ஸைப் பற்றி எப்படித் தொடங்குவது என்று லிஃப்டில் யோசித்துக்கொண்டு போனேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கட்டடத்தின் வாசலில் அறிவித்தல் ஒட்டியிருந்தார்களாம். தேத்தண்ணி வைத்துத் தந்தாள். சாப்பாட்டு மேசையில் எங்கள் பத்திரிகை விரித்தபடி கிடந்தது. முதல் பக்கத்தில் பாதியளவுக்கு விழாப் படம். கவுன்சிலரும் நானும் பொன்னாடையோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவால், பின்னால், என் கார்ட்டூனின் கீழ்ப்பகுதி தெரிந்தது. கோட்டும் பையுமாக அந்தப் பெண்.

நான் பொரியத் தொடங்கினேன். சனத்தைத் திட்டினேன், ஆசிரியரைத் திட்டினேன், தமிழ் வாசிக்கத் தெரியாத அந்தப் பிள்ளையைத் திட்டினேன். கார்ட்டூன் பத்திரிகையில் வந்தபோது அக்கா ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பெண்மேல் விரலை வைத்தாள்.

“உது நான்தானே. கீற முன்னம் என்னை ஒரு சொல்லுக் கேட்டனியே?”

கேட்கவில்லை. அவளுடைய கோட்டையும் பையையும் நோயையும் எடுத்துக் கதவளவுக்கு அச்சடித்து ஊருக்குக் காட்டினேன். முகத்தைக்கூட ஒழுங்காகக் கீறவில்லை. திறந்த வாயும் முஷ்டியும்தான் இருந்தன. அக்கா பிறந்து இன்றுவரை யாருக்கும் முஷ்டியைக் காட்டியவள் அல்ல.

“உவருக்கும் போத்திச்சினம், உனக்கும் போத்திச்சினம்,” என்றாள். குரலில் கோபம் இல்லை. “நான் பின்னாலை பஸ்ஸுக்கு நிக்கிறன்.”

பத்திரிகையை மடித்து ஒரு பக்கம் வைத்தாள். என் முன்னால் பிஸ்கட் தட்டைத் தள்ளினாள். செவ்வாய்க்கிழமை காலை ஆர் தன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று கேட்டாள். நான் வாறன் அக்கா என்றேன். கடையில் லீவு சொல்லுகிறேன், ஆறு மணிக்கே வந்து கீழே நிற்கிறேன் என்றேன். சத்தியம்கூடப் பண்ணினேன். அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“எத்தினை செவ்வாய்க்கிழமைக்கு?” என்று கேட்டாள்.